ஆறாம் பந்திக்கான சூத்திரம்

நிறுத்துங்கள் ஐயா, அந்த மஞ்சளை நிறுத்துங்கள்!

மன்னிக்க வேண்டும். திருநெல்வேலியில் இந்த இரயில் வண்டி புறப்பட்டதிலிருந்து தங்கள் மடிக்கணினியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வருகிறேன். அயலார் திரையை நோக்குவது நாகரிகமன்று, அறிவேன். ஆயினும், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெரிய மனிதர் முந்நூறு பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றாக யோசித்து, இவருக்கு மஞ்சள், அவருக்குப் பச்சை என்று கையால் வண்ணம் பூசிப் பிரிப்பதைக் கண்டு வாளாவிருக்க என்னால் இயலவில்லை. எக்செல் என்னும் அந்த விரிதாள் எதற்காக இருக்கிறது? ஒரே ஒரு சூத்திரம். ஒரு கட்டத்தில் எழுதிக் கீழே இழுத்துவிட்டால் முந்நூறு பேரும் தத்தம் குழுவில் போய்க் கைகட்டி நிற்பார்கள்!

சிரிக்கிறீர்கள். நல்லது. கோவில்பட்டி வருவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. கேளுங்கள்.

என் பெயர் பிரமநாயகம். ஊர் அம்பாசமுத்திரம். எட்டாம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்கூடம் என்னைக் காணவில்லை. அந்த நட்டம் பள்ளிக்கூடத்துக்கே. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரு படிப்பகத்தில் நூல்களை அடுக்கும் உதவியாளனாக இருந்தேன். அடுக்கியவை அனைத்தையும் வாசித்தேன். ஓய்வு பெற்றபின், என் மகள் யாழினி கழித்துவிட்ட இந்தப் பழைய மடிக்கணினியில், எவரிடமும் கேளாமல், விரிதாளைக் கற்றேன். 'இஃப்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் கட்டளையை நான் 'எனில்' என்றுதான் மனத்துக்குள் வாசிப்பேன். வயது எழுபதுக்கு மேல் எனில் முன்வரிசை. இல்லையெனில் அடுத்தது. எத்தனை அழகு! 'எனில்' என்ற சொல்லுக்குள் ஓர் அரசாங்கமே அடங்கியிருக்கிறது ஐயா.

சென்ற தையில் யாழினிக்குத் திருமணம். அழைக்கப்பட்டோர் நானூற்றுப் பன்னிரண்டு பேர். மண்டபத்தின் உணவுக்கூடத்தில் ஒரு பந்திக்கு எழுபது இலை. ஆக, ஆறு பந்தி.

என் மனைவி செண்பகவல்லி என்னிடம் நகை கேட்கவில்லை, பட்டுப்புடவை கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எங்கண்ணன் வந்து கைய நனைச்சிட்டுப் போகணும். அது நடந்தா போதும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

அவளுடைய அண்ணன் பூவநாதன் கோவில்பட்டியில் இருப்பவர். பதினோரு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. காரணம் மிகச் சிறியது. எங்கள் புதுமனை புகுவிழாவின்போது அவர் பந்தியில் அமர்ந்திருந்தார். அச்சமயம் என் மேலதிகாரி வந்துவிட்டார். அமர்த்த இடமில்லை. ஆகவே நான், மிகுந்த பணிவுடன், "மச்சான், தாங்கள் அடுத்த பந்தியில் அமரலாமே" என்றேன். அவர் எழுந்தார். கை கழுவவில்லை, கழுவ வேண்டிய அவசியமும் இல்லை. ஏனெனில் இலையில் அப்பளம் ஒன்றுதான் விழுந்திருந்தது. சோறு விழவில்லை! இதை அழுத்திச் சொல்கிறேன். சோறு விழாத இலை முறைப்படி இலையே அன்று என்பது என் கட்சி. பதினோரு ஆண்டுகளாக இதே கட்சியில் நிற்கிறேன். அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அப்பளத்த எடுத்து வச்சிக்கிடும் வே மாப்ள. அடுத்த அதிகாரி வந்தா ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

செண்பகவல்லி அழுதாள். இரண்டு தீபாவளிவரை அழுதாள். அப்பளம் பொரிப்பதை அன்றோடு நிறுத்திவிட்டாள். எங்கள் வீட்டில் பதினோரு ஆண்டுகளாக வற்றல்தான்.

ஆகவே திருமணத்தில் ஒருவரையும், எக்காரணத்தாலும், இலையிலிருந்து எழுப்பக் கூடாது என்று உறுதி பூண்டேன். யார் எந்தப் பந்தி என்பதை முன்னரே வகுத்து, எண்ணிட்ட சீட்டை அழைப்பிதழோடு கொடுத்துவிட வேண்டும். வகுப்பது மனிதனாக இருந்தால் பட்சபாதம் என்பார்கள். சூத்திரத்தின்மேல் யார் வருத்தப்பட முடியும்?

விரிதாளில் ஐந்து பத்திகள் அமைத்தேன். வயது அப்படியே. உறவு நெருக்கத்துக்கு இருபதுக்கு மேற்படாத மதிப்பெண். பயணத் தொலைவுக்குப் பத்து. சர்க்கரை நோய்க்குப் பத்து. இறுதியாக, எவர் சிந்தையிலும் உதிக்காத பத்தி ஒன்று: கோபம். அதற்கும் இருபது. சடாரென்று முகம் சுளிப்பவரை முதலில் உண்ண வைத்துவிட வேண்டும் அல்லவா? இவற்றின் கூட்டுத்தொகை நூற்றிருபது அல்லது அதற்கு மேல் எனில் முதல் பந்தி. நூறு எனில் இரண்டு. இப்படியே படிப்படியாக இறங்கி, நாற்பதுக்குக் கீழே போனால் ஆறு. குழந்தைகளுக்குத் தாயின் எண். பெண் வீட்டாராகிய எங்களுக்கு எல்லாக் கட்டங்களிலும் பூஜ்யம். ஏனெனில் ஊரார் உண்டபின், மேளக்காரரோடும் படம் பிடிப்பவரோடும் கடைசியில் அமர்வதே வீட்டார்க்கு முறை.

எண்களை நான் மின்னல்போல் அடித்துக்கொண்டே போனேன். 58, 64, 71... பூவநாதன் வரிசை வந்தது. விரல்கள் நின்றுவிட்டன.

எண்ணிப் பாருங்கள் ஐயா. நான் எழுப்பிவிட்ட மனிதர். அவரை வெறும் 72 என்று, ஏதோ கதவிலக்கம் போல அடிப்பதா? மரியாதை என்று ஒன்று இருக்கிறது. 'அகவை எழுபத்திரண்டு' என்று எழுத்தாலேயே எழுதினேன். நெருக்கம் என்ற கட்டத்தில், 'ஈடு இணையில்லை'. தொலைவு என்ற கட்டத்தில், 'கோவில்பட்டியிலிருந்து, மனமுவந்து'. சர்க்கரை என்ற கட்டத்தில், 'இறையருளால் இல்லை'. கோபம் என்ற கட்டத்தில் சிறிது யோசித்தேன். பிறகு, 'நியாயமானது' என்று எழுதினேன். என் கட்சி வேறுதான். ஆயினும் அந்தக் கட்டத்தில் வேறெதுவும் பொருந்தவில்லை.

பிறகு சூத்திரத்தைக் கீழே இழுத்தேன். நானூற்றுப் பன்னிரண்டு வரிசைகளும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிரம்பின. நான் எழுந்து நின்று கைதட்டினேன். உள்ளேயிருந்து செண்பகவல்லி, "கொசுவா?" என்றாள்.

சீட்டுகளை அச்சிட்டு வந்ததும், ஒரு மூலையில் மஞ்சள் தடவும் வேலையை அவள் ஏற்றுக்கொண்டாள். ஒவ்வொன்றாக எடுத்து, பெயரையும் பந்தியையும் வாய்விட்டு வாசித்து, தடவித் தடவி அடுக்கினாள். இடையில் ஒரு சீட்டின்மேல் அவள் குரல் நின்றது. "என்ன, அச்சுப் பிழையா?" என்று கேட்டேன். "பிழையெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லி, அந்தச் சீட்டுக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். மஞ்சள் மிகுந்துவிட்டது போலும்.

கோவில்பட்டிக்கு அழைப்பிதழ் கொண்டு போனவளும் அவள்தான். எனக்கு அன்று முழங்கால் வலி. திரும்பி வந்ததும், "என்ன சொன்னார்?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லல. சீட்டத்தான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க."

அச்சின் தரம் அப்படிப்பட்டது.

திருமண நாளும் வந்தது. அதைப் போல் ஓர் அமளியை நான் நூல்களில்கூடக் கண்டதில்லை! எனக்கு ஒன்றுவிட்ட சிற்றப்பா ஒருவர் சீட்டைத் தலைக்குமேல் உயர்த்திக்கொண்டு வந்தார். நூற்றுப் பத்தொன்பது பெற்று இரண்டாம் பந்தியில் விழுந்தவர்.

"ஏ பிரமநாயகம்! ஒரு மார்க்குல ஃபெயிலாக்கிட்டியாமே?"

"சிற்றப்பா, இது தேர்வன்று. தங்கள் கோபத்துக்கு நான் பதினைந்துதான் இட்டேன்."

"பதினஞ்சா? எனக்கா? எங்கிட்டயா?" என்று அவர் கூச்சலிட்ட கூச்சலில், அங்கேயே எழுதுகோலால் இருபதாகத் திருத்தி முதல் பந்திக்கு அனுப்பினேன். அது கண்ட மற்றோர் வாளாவிருப்பார்களா? அத்தனை பேருக்கும் அந்த நிமிடமே சர்க்கரை நோய் வந்துவிட்டது. "எனக்கும் சுகர் போட்டுக்கிடுங்க", "எனக்கு ரெண்டு வருஷமா இருக்கு, வெளிய சொல்லல" என்று வரிசை கட்டினார்கள். அப்படிச் சர்க்கரையால் முதல் பந்திக்கு ஏறிய ஓர் அம்மையார் மூன்று முறை பாயசம் வாங்கியதை என் இரு கண்களால் கண்டேன். சமையலுக்குத் தலைவரான தவசுப்பிள்ளை என்னை அடுப்படிக்கு அழைத்து, "அண்ணாச்சி, உங்க கம்ப்யூட்டர கொண்டுபோய்ப் படுக்க வையுங்க. எனக்குத் தலைய எண்ணத் தெரியும்" என்றார். பொறாமை.

இந்த அமளிக்கெல்லாம் முன்பு, விடிந்தும் விடியாத வேளையிலேயே, முதல் ஆளாக வந்துவிட்டார் பூவநாதன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நான் ஓடினேன்.

"வாருங்கள் மச்சான், வாருங்கள்! முதல் பந்தியில் முதல் இலை தங்களுடையது!"

"புஸ்தகம் வாசிக்கத இன்னும் விடலையா வே?" என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில்: ஆறாம் பந்தி.

மணமகள் அறைக்கு ஓடினேன். யாழினிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவர்களை விலக்கி மடிக்கணினியைத் திறந்தேன். பூவநாதன் வரிசையில் கூட்டுத்தொகை: பூஜ்யம். அப்போதுதான் விளங்கிற்று. கூட்டல் சூத்திரம் எண்களை மட்டுமே கூட்டும்; எழுத்தைக் கண்டால் அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று தாண்டிப் போய்விடும். நான் மரியாதையாக எழுதியது ஒவ்வொன்றும் சுழியாகிவிட்டது! முகம் சுளிப்பவரை முதலில் உண்ண வைக்கக் கோபத்துக்கு ஒரு பத்தி கண்டவன், அழைப்புப் பட்டியலிலேயே மிகப் பெரிய கோபத்தைக் கடைசிப் பந்தியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டேன்!

செண்பகவல்லியிடம் ஓடினேன். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "தவறு நேர்ந்துவிட்டது. உன் அண்ணன் ஆறாம் பந்தியில் இருக்கிறார்" என்று மூச்சிரைத்தேன்.

"அப்படியா?" என்றாள். என் முகத்தில் கொஞ்சம் பன்னீர் தெளித்தாள். "வேர்வையத் தொடைங்க."

அழவில்லை. எதற்கும் அழுகிறவள். அதிர்ச்சியில் கண்ணீர் உறைந்துவிட்டது போலும்.

எழுதுகோலோடு பூவநாதனிடம் விரைந்தேன். ஆறை அடித்து ஒன்று எழுதிவிட்டால் தீர்ந்தது. அவர் சீட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"தொடாதேயும்."

"பிழை திருத்தம், மச்சான்."

"ஒரு தடவ எலையிலேருந்து எழுப்பினீரு. இப்பம் பந்தியிலேருந்தே தூக்கப் பாக்கேரா? விருந்தாளின்னா மொதல்ல தின்னுட்டுப் போயிருவான். பொண்ணுக்குத் தாய்மாமன் எப்பம் திம்பான்? ஊரு தின்ன பெறகு, வீட்டுக்காரங்களோட. பதினோரு வருஷம் கழிச்சாவது உமக்கு வெளங்கியிருக்கேன்னு ராத்திரி மூணு மணிக்கே கெளம்பி வந்திருக்கேன்." துண்டை அவிழ்த்துத் தலையில் கட்டினார். "சாம்பார் வாளி எங்க இருக்கு?"

'இது பிழையால் விளைந்தது' என்று விளக்கியிருக்க வேண்டும் என்கிறீர்களா? அவையடக்கம் கருதி அடுப்படிக்கு வழி காட்டினேன்.

தாலி கட்டி முடிந்ததும் பந்தி தொடங்கிற்று. ஐயா, எழுபத்திரண்டு வயது மனிதர் ஐந்து பந்திக்கும் பரிமாறினார்! "ஏ, இந்த எலைக்கு அவியல் வரல பாரு", "பெரியம்மைக்குக் கொழஞ்ச சோறா எடுத்துப் போடு", "சின்னம்மை, ஒனக்குச் சுகர்னு எழுதியிருக்கு, பாயசத்தக் கீழ வையி" என்று கூடம் முழுவதும் அவர் குரல்தான். மூன்றாம் பந்திக்குள் தவசுப்பிள்ளை அவரை 'மொதலாளி' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். என்னை அல்ல.

ஆறாம் பந்தி போட்டபோது மணி ஒன்றரை. மணமக்கள், நான், மேளக்காரர், வண்டியோட்டிகள், எங்கள் வீட்டார் எல்லோரும். எழுபது இலை, எழுபது பேர், சூத்திரம் சொன்னபடி ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. எனக்கு அடுத்த இலையில் பூவநாதன். செண்பகவல்லி தன் இலையில் அமராமல் தட்டோடு வந்தாள். தட்டில் அப்பளம். பொரித்துப் பதினோரு ஆண்டுகளாகிய கை. ஓரங்கள் சற்றுக் கருகியிருந்தன. முதலில் அண்ணன் இலையில் வைத்தாள். பிறகு என் இலையில்.

அச்சமயம் வாசலில் ஒரு சத்தம். மாப்பிள்ளையின் பெரிய தகப்பனார்! கோயம்புத்தூரிலிருந்து வந்தவரின் வாகனம் வழியில் பழுதாகித் தாலி கட்டுவதையும் தவறவிட்டு, பசியோடு வந்து நிற்கிறார். சம்பந்தி வீட்டார் கொடுத்த பட்டியலில் அவர் பெயரே இல்லை. சீட்டும் இல்லை. இலையும் இல்லை. தவசுப்பிள்ளை என்னைப் பார்த்தார். சம்பந்தி என்னைப் பார்த்தார். எழுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். பூவநாதன் மட்டும் பார்க்கவில்லை. அவர் தம் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரு கைகளும் மேசையின் விளிம்பைப் பற்றியிருந்தன. எழுவதற்கு ஆயத்தமான கைகள்.

செண்பகவல்லி தட்டைச் சட்டென்று மேசைமேல் வைத்தாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

எந்தச் சூத்திரத்திலும் இதற்கு விடை இல்லை ஐயா. நான் எழுந்தேன்.

"எங்க வே எந்திரிக்கேரு?" என்றார் பூவநாதன்.

"அவர் என் இலையில் அமரட்டும். நான் பிறகு உண்கிறேன்."

சொல்லிவிட்டுக் கீழே பார்த்தேன். சோறு விழாத இலை இலையே அன்று என்று பதினோரு ஆண்டுகளாக வாதிட்டவன் நான். நின்றபடி பார்த்தபோது, அது இலையாகத்தான் தெரிந்தது.

பூவநாதன் என் துண்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் பெஞ்சில் தொப்பென்று விழுந்தேன்.

"உக்காரும் வே! அப்பளம் வச்ச எலையிலேருந்து எவனாவது எந்திரிப்பானா? ஏய், எல்லாரும் நாலு வெரக்கட தள்ளி உக்காருங்கடே! மேளக்காரரே, உம்ம வயித்தக் கொஞ்சம் உள்ள இழும். புது மாப்ள, பொண்ணு மேல இடிச்சா ஒண்ணும் தப்பில்ல, தள்ளும்!"

சிரிப்பும் கூச்சலுமாக அந்த வரிசை முழுவதும் ஓர் இரயில் வண்டிபோல் நகர்ந்தது. எழுபது இலைக்கான இடத்தில் எழுபத்தொன்றாவது இலை விழுந்தது! விரிதாளில் இவ்வாறு வரிசை தானே தள்ளி இடம் கொடுப்பதற்கு வசதி உண்டு, வலப்பொத்தானை அழுத்தினால் வரும். ஆனால் இவ்வளவு சிரிப்போடு வராது.

பூவநாதன் அப்பளத்தை எடுத்தார். கடித்தார். கூடம் முழுவதும் கேட்கும்படி நொறுங்கிற்று.

"ஏட்டி செண்பகம்," என்றார். "இன்னும் நமுத்துப் போகலட்டி."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அன்றைய பொழுதில் முதன்முறையாக, ஓவென்று அழுதாள். அண்ணன் பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கை மணிக்கட்டுவரை நனைந்திருந்தது.

என்ன ஐயா, கண்ணைத் துடைக்கிறீர்கள்? சன்னல் தூசியா? இருக்கும். கடம்பூர் தாண்டிவிட்டது. போளி வாங்கத் தவறிவிட்டோம்.

இப்போது எங்கே போகிறேன் என்றுதானே? பூவநாதனின் பேரனுக்கு நாளைக்குத் திருமணம். "உம்ம பொட்டியையும் எடுத்துக்கிட்டு வாரும் மாப்ள, பந்தி நீருதான் பிரிக்கணும்" என்று அவரே அழைத்தார். பழைய பிழை நேராதபடி, கட்டங்களில் எண்களைத் தவிர வேறெதையும் ஏற்கக் கூடாதென்று தடை விதித்துவிட்டேன். 'நூலறிவு' என்று ஒரு புதிய பத்தியும் சேர்த்திருக்கிறேன், இருபது மதிப்பெண். என் வரிசையில் கூட்டுத்தொகை நூற்று முப்பது. முதல் பந்தி, முதல் இலை! பெருமையாக இல்லையா?

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. காலையில் செண்பகவல்லியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவள் முன்னதாகவே அங்கே போய்விட்டாள்.

"மொதப் பந்தியா?" என்றாள். "அப்ப யாரோ ஊர் பேர் தெரியாதவங்களோட உக்காந்து சாப்பிடுங்க. நாங்க எல்லாரும் கடைசிலதான்." பிறகு, அழைப்பைத் துண்டிக்குமுன், "அண்ணனுக்கு எழுதின மாதிரி உங்களுக்கும் எழுத்தாலேயே எழுதிக்கிடுங்களேன்" என்றாள்.

இதுதான் எனக்கு விளங்கவில்லை. எழுத்தால் எழுதினால் ஆறில் விழும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? நான் எவரிடமும் சொன்னதில்லையே. தூசி துடைப்பதைத் தவிர அவள் இந்தக் கணினியைத் தொட்டதும் இல்லை. ஏதோ வாய்க்கு வந்தபடி சொல்லியிருப்பாள். ஆனாலும் யோசனை நல்ல யோசனை.

இதோ, தாங்களே சாட்சி. தடையை நீக்குகிறேன். வயது: 'அகவை அறுபத்தெட்டு'. நெருக்கம்: 'வீட்டு மாப்பிள்ளை'. தொலைவு: 'அடுத்த நிறுத்தம்'. சர்க்கரை: 'பாயசம் ஒரு குவளை மட்டும்'. நூலறிவு... இருபதை அழிக்கச் சற்றே மனம் வலிக்கிறது. 'போதுமான அளவு'. கோபம்?

'இல்லை.'

இனி இந்தப் பொத்தான். பாருங்கள். பாருங்கள் ஐயா!

ஆறு!

வண்டி நிற்கிறது. அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். கவனம், அடியில் இருப்பது அப்பளக் கட்டு.